லேப்டாப்புக்குள்ள மழைத்தண்ணியா? பவர் பட்டனைத் தொடாதீங்க!

ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கா? 2024 டிசம்பர் 1 காலை வரைக்குமான 24 மணி நேரத்துல, விழுப்புரம் மாவட்டம் மயிலத்துல மட்டும் சுமார் 50 செ.மீ. மழை. அப்படி ஒரு நாள்ல, லட்ச ரூபாய்க்கு மேல போட்டு வாங்கின ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப் நனைஞ்சா, "ஆன் ஆகுதா பார்ப்போம்"னுதான் கை போகும். போர்டு ஷார்ட் ஆகுறது பெரும்பாலும் அப்போதான். சார்ஜரைப் பிடுங்குங்க, பின்மூடியைக் கழட்டி பேட்டரி கனெக்டரை எடுத்துடுங்க. அரிசி டப்பா வைத்தியமெல்லாம் வேண்டாம். எஸ்எஸ்டி தனியா கழலுற மாடல்னா டேட்டா தப்பிக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

மதர்போர்டையே மாத்தணும்னு சொன்னா, சிப்-லெவல் கடையிலயும் (சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போனாலும் சரி) ஒரு எஸ்டிமேட் எழுதி வாங்குங்க. சாதாரண வாரண்டி தண்ணிக்குச் செல்லாது. ஆக்சிடென்டல் டேமேஜ் பிளான், டீ சிந்தினா உதவும். வெள்ளம்னா பல பிளான்கள் கைவிரிச்சிடும். வாங்குறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியைத் தேடிப் படிங்க.