கம்பெனிப் பணமும் நம் வோட்டும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து கழக்கூட்டம் ரயில் நிலையம் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தோம். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நாகர்கோவில் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணாச்சி, கிழக்கம்பலத்துல எங்க சித்தி வீடு இருக்கு. ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி. அரிசி, காய்கறி எல்லாம் குறைஞ்ச விலைக்கு. கம்பெனிக்காரன் பஞ்சாயத்தை நடத்தினா என்ன கெட்டுப்போச்சு?"

அன்று சரியான பதில் வரவில்லை. "அது அப்படியில்லப்பா" என்று சொல்லிச் சமாளித்தேன். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள கிழக்கம்பலம், கிடெக்ஸ் என்ற துணி உற்பத்திக் கம்பெனியின் சொந்த ஊர். குழந்தைகளுக்கான ஆயத்த ஆடைகளைத் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள். ஆலையின் கழிவு பற்றி ஊரில் புகார் எழுந்து, பஞ்சாயத்துக்கும் கம்பெனிக்கும் தகராறு முற்றியிருந்த காலத்தில், 2013-இல் கம்பெனி நிர்வாகி சாபு எம். ஜேக்கப் முன்நின்று 'ட்வென்டி20' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2020-க்குள் கிழக்கம்பலத்தை முதல்தரப் பஞ்சாயத்தாக ஆக்குவோம் என்பது வாக்குறுதி. வீடு, ரோடு, சலுகை விலைக் கடை என்று வேலைகள் நடந்தன. 2015 உள்ளாட்சித் தேர்தலில் 19 வார்டில் 17 அவர்கள் கையில்! காங்கிரஸும் கம்யூனிஸ்டும் மாறி மாறி ஆண்ட மண்ணில் இது சின்ன விஷயமில்லை. 2020-இல் ஐக்கரநாடு, குன்னத்துநாடு, மழுவன்னூர் என்று பக்கத்துப் பஞ்சாயத்துகளும் சேர்ந்து வந்தன. 2021 சட்டசபைத் தேர்தலில் மட்டும் நின்ற எட்டு இடத்திலும் தோல்வி.

ஜனங்கள் ஏமாளிகள் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய கட்சிகள் செய்யாததை ஒருவர் செய்தார், வோட்டுப் போட்டார்கள். கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் வந்தபோது மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குத் தரப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிராம சபை கூட வேண்டும் என்று 1994 பஞ்சாயத்துச் சட்டமே சொல்கிறது. அந்தக் கிராம சபைக்கு நாம் எத்தனை பேர் போகிறோம்? போகாத இடத்தில்தான் கம்பெனி வந்து உட்கார்ந்தது.

ஆனாலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 5 கோடி லாபமோ, 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுவரவோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதே விதிகளில் இன்னொன்றும் எழுதியிருக்கிறது: அரசியல் கட்சிக்குக் கொடுப்பது, நேராகவோ சுற்றிவளைத்தோ, இந்தக் கணக்கில் சேராது. சமூகப் பணியும் கட்சிப் பணியும் வேறு வேறு என்று சட்டம் கோடு போட்டது. கிழக்கம்பலத்தில் அரிசி கொடுத்த அமைப்பே வோட்டும் கேட்டது. அந்தக் கோடு எங்கே போயிற்று?

பஞ்சாயத்துப் பணத்தில் ரோடு போட்டால், குறை சொல்ல கிராம சபை உண்டு, தணிக்கை உண்டு, தகவல் உரிமைச் சட்டம் உண்டு. சலுகைக் கடையில் கொடுப்பவருக்குக் கோபம் வந்து நிறுத்தினால் யாரிடம் மனுக் கொடுப்பது? ஆலைக்கு லைசென்ஸ் கொடுப்பதும் மறுப்பதும் பஞ்சாயத்தின் வேலை. ஆலை முதலாளியின் கட்சியே பஞ்சாயத்தில் உட்கார்ந்தால், கழிவுத் தண்ணீர் பற்றிப் புகார் சொல்கிறவன் எந்த வாசலில் போய் நிற்பான்? தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான்.

எதிர்த்தரப்பும் யோக்கியமாக நடக்கவில்லை. 2020 டிசம்பர் வாக்குப்பதிவு நாளில், வயநாட்டிலிருந்து வந்து பல வருஷமாக அங்கே குடியிருந்த ஒரு தம்பதி, வோட்டுப் போட வந்த இடத்தில் தாக்கப்பட்டார்கள். 'வெளியூர்க்காரன்' என்பதுதான் குற்றம். கழக்கூட்டத்தில் வாடகை வீட்டில் இருக்கும் நமக்கு இது உறைக்க வேண்டும்.

நம்ம ஊர் மட்டும் சுத்தமா என்று கேட்பீர்கள். திருமங்கலம் இடைத்தேர்தல் 2009-இல் நடந்தது. 'திருமங்கலம் பார்முலா' என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது. 2017-இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் பாராளுமன்றத் தேர்தலும் பணப் புகாரால் ரத்தாயின. அங்கே கவர், இங்கே கடை.

இனி பெரிய பணத்துக்கு வருவோம். கம்பெனி, கட்சிக்கு நன்கொடை தரலாமா என்பது பழைய வழக்கு. 1957-இல் டாடா இரும்புக் கம்பெனி சம்பந்தப்பட்ட வழக்கிலேயே பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, இது ஜனநாயகத்தையே மூழ்கடித்துவிடக்கூடிய ஆபத்து என்ற பொருள்பட எச்சரித்தார். 1969-இல் அடியோடு தடை. 1985-இல் சராசரி லாபத்தில் 5 சதவீதம் வரை அனுமதி. 2013-இல் அது ஏழரை. 2017-இல் வரம்பே போயிற்று; நஷ்டக் கம்பெனியும் கொடுக்கலாம், எந்தக் கட்சிக்கு என்று கணக்கில் எழுதவும் வேண்டாம். கூடவே வந்தது தேர்தல் பத்திரம். ஸ்டேட் வங்கியில் வாங்கிக் கட்சியிடம் கொடுத்தால் போதும், பெயர் வெளியே வராது. வோட்டர் பெயர் மட்டும் சுவரில் ஒட்டியிருக்கும்!

2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லாது என்றது. வாக்காளருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்பதே அடிப்படை. வரம்பை நீக்கிய திருத்தமும் ரத்தானது. மார்ச்சில் பட்டியல் வெளிவந்தது. வெளியான கணக்கில் அதிகம் வாங்கிய கட்சி பா.ஜ.க., 6,000 கோடிக்கு மேல். அதிகம் கொடுத்தது லாட்டரி வியாபாரி சான்டியாகோ மார்ட்டினின் கோவைக் கம்பெனி, 1,368 கோடி, அதில் தி.மு.க.வுக்குப் போனது 509 கோடி. பத்திரமே வாங்காமல் வழக்குப் போட்டவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் உண்டு.

அந்தப் பட்டியலில் கிடெக்ஸ் பெயரும் இருந்தது: 25 கோடி, போய்ச் சேர்ந்தது தெலங்கானாவில் சந்திரசேகர ராவின் பி.ஆர்.எஸ். கட்சிக்கு. 2021-இல் கேரளத்தில் அதிகாரிகளின் சோதனை தாங்கவில்லை என்று சொல்லி 3,500 கோடித் திட்டத்தைக் கைவிட்ட கம்பெனி, அந்தக் கட்சி ஆண்டபோது தெலங்கானா போய் ஆலை போட்டது. இதில் சட்டமீறல் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் தன் ஊரில் பழைய கட்சிகளை விரட்டுவோம் என்று வோட்டுக் கேட்டவர், இன்னொரு ஊரில் ஆளும் கட்சிக்குப் பணம் கொடுத்ததைக் கிழக்கம்பலத்து சித்தி தெரிந்துகொண்டது, கோர்ட் உத்தரவிட்ட பிறகுதான்.