முகங்களை மறந்தவர் எடுத்த முகங்கள்

தெருவில் தோழியைக் கண்டால் இன்னார் என்று கணநேரத்தில் அறிந்துகொள்கிறோம். காண்பது கண், அடையாளம் சொல்வது மூளை. மூளையின் அடிப்பகுதியில், முக்கியமாக வலப்புறத்தில், முகங்களை அறிவதற்கென்றே உழைக்கும் ஒரு சிறு பகுதி உண்டு. சிலருக்கு அது பிறவியிலேயே வேறுவிதமாக இயங்குகிறது. பார்வையில் குறையில்லை, ஆயினும் பழகிய முகமும் புதுமுகமாகவே தோன்றும். இதற்குப் ‘புரோசோபக்னோசியா’ என்று பெயர். மனித மூளைகள் பலவகை என்னும் உண்மையை இன்று ‘நரம்பியல் பன்மை’ என்கின்றனர்.

அமெரிக்க ஓவியரும் புகைப்படக் கலைஞருமான சக் குளோஸ் (1940–2021) அத்தகையவர். அவருக்கு டிஸ்லெக்சியாவும் இருந்ததால் வாசிப்பது பெரும்பாடு. அந்நாளில் அதனை அறிந்தவர் சிலரே. எனவே பள்ளியில் சோம்பேறி என்று பெயர் வாங்கினார். பாடத்தில் தமக்கும் அக்கறை உண்டெனக் காட்ட, லூயிஸ், கிளார்க் என்னும் பயணிகள் சென்ற வழியை நீண்ட சுவர்ப்படமாக வரைந்து ஆசிரியரிடம் கொடுத்தார். (பரீட்சை எழுதுவதைவிட அதுவே கடினம் என்பது என் எண்ணம்!)

முகமே நினைவில் நில்லாதவர் வாழ்நாளெல்லாம் முகங்களையே படமாக்கியது ஏன்? உயிருள்ள முகம் ஓயாமல் அசையும். ஒருவர் தலையைச் சற்றே திருப்பினாலும், அவருக்கு அது முன்பின் காணாத வேறொரு தலை. புகைப்படத்திலோ முகம் தட்டையாகி அசையாமல் நிற்கிறது. தட்டையான படத்தை மனத்தில் பதித்துக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு மிகுதி. ஆகவே குடும்பத்தாரையும் நண்பர்களையும் படமெடுத்தார். படத்தின்மேல் கட்டங்கள் வரைந்து, கட்டங்கட்டமாகப் பெரிய திரையில் தீட்டினார். 1968-இல் முடித்த தம் உருவ ஓவியம் ஏறத்தாழ 9 அடி உயரம்!

அதுவரை புகைப்படம் ஓவியத்திற்குத் துணை மட்டுமே. 1979-இல், 20 அங்குல அகலமும் 24 அங்குல உயரமும் உள்ள படங்களை எடுக்கும் மாபெரும் போலராய்டு கேமராவை அவர் கையாண்டார். அதன்பின் புகைப்படமே தனிக் கலைப்படைப்பு ஆயிற்று. அவ்வாண்டு 9 படங்களைத் தனித்தனியே எடுத்து, அருகருகே வைத்துத் தம் முகத்தை அமைத்தார். எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. பார்ப்பவர் துண்டு துண்டாகக் கண்டு, சேர்த்துத்தான் முகத்தை அடைய வேண்டும். நாள்தோறும் அவர் பட்ட பாட்டை நாமும் ஒரு நிமிடம் படுகிறோம்.

இவ்வியல்புடையோர் குரல், நடை, கூந்தல், உடை ஆகியவற்றைக் கொண்டே ஆளை அறிவர். ஒரே சீருடையும் இரட்டைப் பின்னலுமாக நிற்கும் நம் காலை வணக்கக் கூட்டத்தில் அப்படி ஒருத்தி இருந்தால் என்ன செய்வாள்? எதிரே வந்தும் சிரிக்காதவளைத் ‘தலைக்கனம்’ என்று சொல்லிவிடுகிறோமே! புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸும் இவ்வியல்பு உடையவர். தாடிக்காரர் ஒருவர்மேல் மோதப் போனதற்கு அவர் மன்னிப்புக் கேட்டாராம். எதிரே இருந்தது நிலைக்கண்ணாடி!