தரங்கம்பாடிக் கடலடியும் கிளிஞ்சல் சாட்சியும்

தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயில் முன்னால் நின்றால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: கடல் இவ்வளவு உள்ளே வந்துவிட்டதா? 1306-இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எனக்கு அதற்கு அடுத்த கேள்விதான் முக்கியமாகப் படுகிறது: கரையிலிருந்து போன மணல் எங்கே? கரையில் நின்று அதைச் சொல்ல முடியாது. கடலடியைப் பார்க்கணும்.

எப்படிப் பார்ப்பது? அந்தக்கால மாலுமிகள் ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்குவார்கள். கயிறு ஆழத்தைச் சொல்லும். கொழுப்பில் ஒட்டி வருவது மணலா, சேறா, கிளிஞ்சலா என்று பார்த்தால் தரை தெரியும். இன்றைக்கும் இதே இரண்டு வேலைதான். ஆழத்துக்கு எதிரொலிக் கருவி: கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், 15 மீட்டர் ஆழமென்றால் 0.02 நொடியில் திரும்பிவிடும். தரைக்கு, இரண்டு தாடை வைத்த இரும்பு அள்ளி. அடியில் பட்டதும் வாயை மூடிக்கொண்டு மண்ணோடு மேலே வரும்.

அந்த மண்ணைக் கழுவி, காயவைத்து, சலிப்பார்கள். 2 மில்லிமீட்டருக்கு மேலே சரளை, 0.063-க்குக் கீழே சேறு, நடுவில் மணல். ஒரு பங்கை எடை போட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் பொங்கும், ஓடெல்லாம் கரையும். குறைந்த எடைதான் ஏறக்குறைய கிளிஞ்சலின் பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி ஆறு கொண்டுவந்த மணல். ஆற்று மணல் வரத்து குறையும் இடத்தில் கிளிஞ்சலின் பங்கு கூடித் தெரியும்.

ஆனால் கிளிஞ்சலை அப்படியே நம்பிவிடக் கூடாது. இரண்டு ஓடும் மூடியபடியே கிடைத்தால் அது அங்கேயே வாழ்ந்து செத்தது என்று பெரும்பாலும் சொல்லலாம். ஓரம் மழுங்கிய ஒற்றை ஓடு என்றால் எங்கிருந்தோ உருண்டு வந்தது. உப்பங்கழிச் சிப்பி ஆழக்கடலில் கிடைத்தால் அலை கொண்டுவந்திருக்கலாம். அல்லது அந்த இடமே ஒருகாலத்தில் கழிமுகமாக இருந்திருக்கலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது இல்லையா? வயதிலும் சிக்கல் உண்டு. கரிமக் கணக்கில் கடல் ஓடு சுமார் 400 ஆண்டு கூடுதல் வயது காட்டும், அதைக் கழிக்கணும்.

இந்த ஊருக்கும் கிளிஞ்சலுக்கும் பழைய உறவு. டேனிஷ் மிஷனில் பணியாற்றிய ஜெர்மானியர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் 1771 முதல் 1813-இல் இறக்கும்வரை இங்கே இருந்தார். இயற்கைப் பொருள்களைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். காந்தாரஸ் டிராங்குபாரிகஸ், கிளாங்குலஸ் டிராங்குபாரிகஸ் என்று இரண்டு நத்தைகளின் அறிவியல் பெயரில் இன்றும் நம்ம ஊர் இருக்கிறது. முதலாவதற்கு 1791-இல், அடுத்ததற்கு 1798-இல் வைத்த பெயர். பெயர் ஊரைச் சொல்கிறது. எந்த ஆழம், எந்தத் தரை என்பதைச் சொல்லவில்லை. அதைச் சேர்ப்பதுதான் கடலடி ஆய்வு.

இதனால் என்ன பயன் என்றால்: நம் கரையில் ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கித்தான் நகர்கிறது. காவிரியின் குறுக்கே அணைகள் கட்டியபின் கடலுக்கு வந்து சேரும் மணலும் குறைந்தது. ஓரிடத்தில் கல் கொட்டினால் அந்த இடம் தப்பும். வடக்கே அடுத்த குப்பத்துக்குப் போகவேண்டிய மணல் நின்றுபோகலாம். கல்லுக்கு முன்னால் கடலடி வரைபடம் வரட்டும். அதுவும் ஒருமுறை போதாது: மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று.