பரிசுத்தத்தின் பாதையில் – 9: வாரம் ஒரு பென்னி

லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில், 1738 மே 24 இரவு, ஜான் வெஸ்லியின் உள்ளம் அனல்கொண்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். பாவம் மன்னிக்கப்பட்டது. சரி, விடிந்தால்? அதே கோபம், அதே பெருமை, அதே பொறாமை கட்டிலருகே காத்துக்கொண்டிருக்கும். நீதிமானாக்கப்பட்டவன் பரிசுத்தமாவது எப்படி? வெஸ்லி சாகும்வரை விடாமல் பற்றிக்கொண்டிருந்த கேள்வி இது.

விடையில் ஒரு பங்கு கடன் விவகாரத்திலிருந்து வந்தது. பிரிஸ்டலில் வெஸ்லியைப் பின்பற்றிய மெதடிஸ்டுகள் எழுப்பிய 'நியூ ரூம்' கட்டடத்துக்குக் கடன் பாக்கி. அதை அடைக்க 1742 பிப்ரவரியில் கூடிப் பேசினார்கள். கேப்டன் ஃபாய் என்பவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடலாம் என்றார். அதற்கும் வழியில்லாத ஏழைகள் இருக்கிறார்களே என்று ஒருவர் தயங்கினார். அப்படியானால் இருப்பதிலேயே ஏழைகளாகப் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன், கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், கையில் இல்லையென்றால் அவர்களுக்கும் சேர்த்து நானே போடுகிறேன் என்றார் ஃபாய். எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடிக்கும். மற்றவர்களும் அப்படியே ஆட்களைப் பிரித்துக்கொண்டார்கள்.

வீடு வீடாகப் போனவர்கள் காசை மட்டும் கொண்டுவரவில்லை. இன்னார் நடக்கவேண்டியபடி நடக்கவில்லை என்ற செய்தியும் வெஸ்லியின் காதுக்கு வந்தது. இத்தனை நாள் தேடியது இதுதான் என்று அவருக்குச் சட்டென்று புரிந்தது. காசு வசூலித்தவர்கள் ஆத்துமாக்களை விசாரிப்பவர்களானார்கள். பிறகு வீட்டுக்குப் போவதற்குப் பதிலாகப் பன்னிரண்டு பேரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் உட்கார்ந்தார்கள். இதுவே 'வகுப்பு'. பரிசுத்தம் என்றதும் நம் மனம் தனியறைக்கும் முழங்காலுக்கும் ஓடுகிறது. அது தேவைதான். ஆனால் என் எரிச்சலை என்னைவிட நன்றாக அறிந்தவர் பக்கத்து நாற்காலியில் இருப்பவரே.

இந்தப் பரிசுத்தத்தின் இலக்கை வெஸ்லி 'கிறிஸ்தவப் பூரணம்' என்றார்; அதுபற்றி 1766இல் தனி நூலே வெளியிட்டார். தேவனையும் பிறனையும் முழு இருதயத்தோடு நேசிப்பதுதான் அவர் சொன்ன பூரணம். அறியாமையும் தவறும் பலவீனமும் சோதனையும் அதற்குப் பிறகும் உண்டு. அந்தப் பூரணம் கிருபையால் விசுவாசத்தில் ஒரு நொடியில் கிடைக்கலாம். கிடைத்ததற்கு முன்னும் பின்னும் வளர்ச்சி உண்டு. கிடைத்ததை இழக்கவும் கூடும். தான் அதை அடைந்துவிட்டதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

அடைந்துவிட்டோம் என்று லண்டனில் சிலர் கிளம்பினார்கள். தேவதூதனைப்போல் பூரணமாகலாம், சோதனையே அண்டாது என்ற போதனை பரவியது. 1762 நவம்பரில் வெஸ்லி அதைக் கடிதத்தில் கண்டித்தார். ஆனாலும் ஜார்ஜ் பெல் என்ற முன்னாள் படைவீரர், 1763 பிப்ரவரி 28 அன்று உலகம் முடியும் என்று அறிவித்துவிட்டார். நகரத்தில் பீதி. அன்று மாலை ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் வெஸ்லி பிரசங்கித்து, இது ஆதாரமற்ற பேச்சு என்று எடுத்துக்காட்டினார். அப்படியும் பலர் படுக்கப் பயந்தார்கள். சிலர் வயல்வெளிகளில் அலைந்தார்கள்.

வெஸ்லி வழக்கமான நேரத்துக்குப் படுத்தார். பத்து மணிக்கெல்லாம் நன்றாகத் தூங்கிவிட்டார்.