தடித்த எழுத்தில் வந்த எண்: நீரிழிவு உள்ளோர் கொழுப்புப் பரிசோதனை அறிக்கையை வாசிக்கும் முறை

நீரிழிவு உள்ள ஒருவரின் இரத்தக் கொழுப்புப் பரிசோதனை அறிக்கையில் ஏதேனும் ஓர் எண் வரம்பைத் தாண்டியிருந்தால், பரிசோதனைக்கூடம் அதனைத் தடித்த எழுத்திலோ சிவப்பிலோ அச்சிட்டுத் தருகிறது. பார்த்த மாத்திரத்தில் மனம் கலங்குகிறது. கலக்கத்தில் இருவகை முடிவுகள் பிறக்கின்றன. ஒரு சாரார் உணவை அடியோடு குறைத்து, அண்டை வீட்டார் சொன்ன கஷாயத்தைத் தொடங்கி, அடுத்த வாரமே மறுபரிசோதனை செய்கின்றனர். மறு சாரார் அறிக்கையை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிட முயல்கின்றனர். இவ்விரண்டும் பயன் தருவன அல்ல. அந்த அறிக்கையில் எந்த எண் எதைக் குறிக்கிறது, எது அவசரம், எது நீண்டகாலக் கவனம் வேண்டுவது என்பதைத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் செல்வதே பயனுடையது.

வைப்பின் தீவிலும் மட்டாஞ்சேரியிலும் உள்ள எங்கள் வாடிக்கையாளர்களுக்கு இது தொலைவிலுள்ள செய்தி அன்று. கொச்சியிலுள்ள அமிர்தா மருத்துவ அறிவியல் நிறுவனத்தார் எர்ணாகுளம் மாவட்டத்தில் நடத்தி 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வயதுவந்தோருள் 19.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு நோய் உள்ளதை அதுவரை அறியாதவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்து, 2023ஆம் ஆண்டு வெளியான நாடு தழுவிய ஆய்வு, வயதுவந்த இந்தியருள் 81.2 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொழுப்பில் ஏதேனும் ஒரு கோளாறு இருப்பதாகக் கூறுகிறது. ஆகவே, தடித்த எழுத்தில் ஓர் எண் வருவது அரிய நிகழ்வன்று. அதன்பின் நாம் என்ன செய்கிறோம் என்பதே முக்கியம்.

அறிக்கையில் உள்ள நான்கு எண்கள்

மொத்தக் கொலஸ்டிரால், எல்.டி.எல்., எச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு என நான்கு எண்கள் வழக்கமாக இடம்பெறும். எல்.டி.எல். கொலஸ்டிராலை இரத்தக் குழாயின் சுவரில் படியச் செய்வது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் நேரடிக் காரணம் அதுவே. எச்.டி.எல். தேங்கிய கொலஸ்டிராலைக் கல்லீரலுக்குத் திருப்பி எடுத்துச் செல்வது. ட்ரைகிளிசரைடு என்பது உடல் எரிபொருளாகச் சேமிக்கும் கொழுப்பு. உண்ட உணவுக்கேற்ப நாளுக்கு நாள் ஏறி இறங்கும் தன்மையுடையது.

இவற்றுள் எல்.டி.எல். பெரும்பாலும் நேரடியாக அளக்கப்படுவதில்லை. கணக்குப் பதிவேட்டில் சமன்செய்யும் தொகையைக் கண்டுபிடிப்பது போல, பிற மூன்று எண்களிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. 1972ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஃப்ரீடெவால்டும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பல பரிசோதனைக்கூடங்களில் வழக்கில் உள்ளது. மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்.டி.எல். அளவையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் கிடைப்பது எல்.டி.எல். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மொத்தம் 250, எச்.டி.எல். 36, ட்ரைகிளிசரைடு 320 என்று கொள்வோம். 320இல் ஐந்தில் ஒரு பங்கு 64. எனவே 250 - 36 - 64 = 150.

ட்ரைகிளிசரைடு 400க்கு மேல் சென்றால் இக்கணக்கு பொருந்தாது. அந்நிலையில் எல்.டி.எல். உண்மையிலும் குறைவாகத் தோன்றக்கூடும். அதனால்தான் சில அறிக்கைகளில் எல்.டி.எல். கட்டம் வெறுமையாக விடப்படுகிறது. இத்தகைய அறிக்கையைப் பெற்றவர்கள் 'எல்.டி.எல். இல்லை, நல்லது' என்று எண்ணிவிடலாகாது. மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்.டி.எல். அளவை மட்டும் கழித்துப் பார்க்கலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது 214. தீங்கு விளைக்கும் கொலஸ்டிரால் முழுவதும் இவ்வெண்ணில் அடங்கும்; ட்ரைகிளிசரைடின் ஏற்ற இறக்கம் இதனைப் பெரிதும் பாதிப்பதில்லை; வெறும் வயிறும் தேவையில்லை.

அச்சிட்ட வரம்பு உங்களுக்கான வரம்பன்று

இதுவே இக்கட்டுரையின் மையச் செய்தி. அறிக்கையின் ஓரத்தில் அச்சிடப்படும் வரம்பு பொதுமக்கள் அனைவருக்கும் உரியது. நீரிழிவு உள்ளவருக்கு இரத்தக் குழாய்கள் ஏற்கெனவே நலிவுற்றிருப்பதால் வரம்பு கடுமையாகிறது. இந்திய இருதயவியல் சங்கம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, அபாயம் குறைந்தவர்களுக்கு எல்.டி.எல். 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருத்தல் வேண்டும். நீரிழிவு போன்ற அதிக அபாயம் உள்ளவர்களுக்கு 70க்குக் கீழும், ஏற்கெனவே மாரடைப்பு முதலியன ஏற்பட்டவர்களுக்கு 55க்குக் கீழும் இருத்தல் வேண்டும்.

இதனால் விந்தையான ஒரு நிலை உருவாகிறது. நீரிழிவு உள்ள ஒருவரின் அறிக்கையில் ட்ரைகிளிசரைடு 310 என்று தடித்த எழுத்தில் வருகிறது. எல்.டி.எல். 118 என்று சாதாரண எழுத்தில், 'இயல்பு' என்ற குறிப்புடன் வருகிறது. அவர் 310ஐக் கண்டு அஞ்சுகிறார். 118ஐக் கண்டு ஆறுதல் கொள்கிறார். மருத்துவர் பார்வையிலோ, 310 பெரும்பாலும் சர்க்கரைக் கட்டுப்பாட்டோடு இறங்கிவிடக்கூடியது. 118 மருந்து தொடங்க வேண்டிய அளவு. சத்தமிடும் எண்ணைவிட அமைதியாக இருக்கும் எண்ணே இதயத்துக்கு அதிகக் கேடு செய்யக்கூடியது.

இதற்குச் சான்று உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடைபெற்று 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், எல்.டி.எல். மிகையாக இல்லாத 2,838 நீரிழிவாளர்கள் பங்கேற்றனர். அவர்களுள் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் உட்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்வுகள் 37 விழுக்காடு குறைந்தன. பயன் தெளிவாகத் தெரிந்தமையால் ஆய்வு திட்டமிட்ட காலத்துக்கு முன்னரே நிறுத்தப்பட்டது.

ட்ரைகிளிசரைடு ஏறுவது ஏன்?

இன்சுலின் சர்க்கரையை மட்டும் கவனிக்கும் சுரப்பு அன்று. சேமிப்பிலுள்ள கொழுப்பு வெளியேறாமல் காக்கும் பூட்டும் அதுவே. இன்சுலின் குறைந்தாலோ, உடல் அதற்கு இணங்க மறுத்தாலோ, பூட்டுத் தளர்ந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலை நோக்கி வழிகின்றன. கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் அனுப்புகிறது. அதைக் கரைத்து அகற்றும் நொதியும் இன்சுலின் குறைவினால் மந்தமடைகிறது. வரவு பெருகிச் செலவு சுருங்குவதால் இருப்பு ஏறுகிறது. ஆகவே ட்ரைகிளிசரைடு மிகுந்த அறிக்கை வந்ததும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பி ஏ1சி அளவையும் உடன் பார்த்தல் வேண்டும். அது 9, 10 என்றிருந்தால் முதல் வேலை சர்க்கரையைச் சீராக்குவதே.

மது, தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரகக் கோளாறு, ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியனவும் காரணமாகலாம். முந்தைய நாள் விருந்துண்டோமா, கள் அருந்தினோமா என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறவேண்டும். 400க்கு மேல் இருந்தால், 10 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும் அருந்தி மறுபரிசோதனை செய்வது வழக்கம். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அன்று மருந்தை எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையேல் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

எப்போது காத்திருக்கலாகாது?

ட்ரைகிளிசரைடு 500ஐத் தாண்டினால் கணைய அழற்சிக்கான வாய்ப்புத் தொடங்குகிறது. 1,000ஐத் தாண்டினால் அது பெரிதும் கூடுகிறது. அத்தகைய எண் வந்தால் அடுத்த மாதச் சந்திப்புக்குக் காத்திராமல் ஓரிரு நாளில் மருத்துவரைக் காண வேண்டும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலியும் வாந்தியும் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். காரணமின்றி மூச்சுத்திணறல், திடீர் வியர்வை, தாங்கொணாச் சோர்வு ஆகியவற்றையும் அவ்வாறே கருதவேண்டும்.

மருந்தைக் குறித்த அச்சம்

ஸ்டாட்டின் மருந்து சர்க்கரையைச் சற்றே உயர்த்தும் என்ற செய்தி பரவலாகத் தெரிந்திருக்கிறது. அது உண்மைதான். அவ்வுயர்வு சிறியது, மாரடைப்பைத் தடுக்கும் பயனோ பெரியது. எனவே தாமாக நிறுத்திவிடுதல் தகாது. தசைவலி கடுமையாக இருந்தால் மருத்துவரிடம் கூறினால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு. கருவுற்றிருப்போரும் கருவுற விரும்புவோரும் அதனை முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். அறிக்கை இயல்புக்கு வந்தபின் 'குணமாகிவிட்டது' என்று நிறுத்துவோர் பலர். எண் இறங்கியது மருந்தினால். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய நிலைக்கே திரும்பும்.

நம் ஊர் உணவில் எதை மாற்றலாம்?

ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் எண்ணெயைவிட அரிசி, புட்டு, கப்பை, பரோட்டா, பழம்பொரி, இனிப்புத் தேநீர் ஆகியவற்றின் பங்கு பெரிது. ஆகவே 'எண்ணெயை விட்டுவிட்டேன்' என்று கூறிவிட்டு மூன்று கரண்டி சோறு கூடுதலாக உண்பதில் பயனில்லை. சோற்றின் அளவைக் குறைத்து அவ்விடத்தைத் தோரன், பயறு, கீரை கொண்டு நிரப்புவது நன்று. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு செறிவுற்ற கொழுப்பு, அது எல்.டி.எல். அளவை உயர்த்துவது. முற்றிலும் ஒதுக்க இயலாவிடினும், பொரிப்பதற்குப் பயன்படுத்தாமல் தாளிப்பதற்கு ஒரு கரண்டி என வரையறுக்கலாம். வைப்பின் கரையில் கிடைக்கும் மத்தியும் அயிலையும் ஒமேகா-3 கொழுப்பு நிறைந்தவை. வறுப்பதைத் தவிர்த்துக் குழம்பாக்கி உண்பது நலம். வாரம் 150 நிமிட வேகநடையும், உடலெடையில் ஒரு சிறு குறைவும் ட்ரைகிளிசரைடில் நல்ல மாற்றம் தரும்.

பணம் சார்ந்த சில குறிப்புகள்

விலை கருதி மருந்தை நிறுத்துவோர், ஜன் ஔஷதி விற்பனை நிலையங்களில் அட்டோர்வாஸ்டாட்டின் குறைந்த விலையில் கிடைப்பதை அறிதல் வேண்டும். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தோர், மருத்துவக் காப்பீட்டுக் கழிவின் மொத்த வரம்புக்குள், முன்னெச்சரிக்கை உடற்பரிசோதனைக்காக ரூ.5,000 வரை கழிவு கோரலாம். இதற்கு ரொக்கமாகச் செலுத்திய தொகையும் ஏற்கப்படும். காப்பீட்டு விண்ணப்பத்தில் நீரிழிவையும் கொழுப்புக் கோளாறையும் மறைத்தல் கூடாது. முன்னரே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டுள்ளது. உண்மையைத் தெரிவித்துக் காத்திருப்பது, மறைத்துப் பின்னர் உரிமைக்கோரல் மறுக்கப்படுவதைவிட மேலானது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பழைய அறிக்கைகள் அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். எனக்குரிய எல்.டி.எல். இலக்கு எத்தனை? ட்ரைகிளிசரைடு ஏறியதற்குச் சர்க்கரை காரணமா, வேறேதேனுமா? சிறுநீரகமும் தைராய்டும் பார்க்கப்பட்டனவா? மறுபரிசோதனை எப்போது? இந்நான்கு கேள்விகளுக்கும் விடையை மருந்துச்சீட்டின் பின்புறம் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து தொடங்கிய அல்லது மாற்றிய 4 முதல் 12 வாரங்களுக்குள் மறுபரிசோதனை செய்வது வழக்கம். நிலை சீரானபின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்தல் வேண்டும்.

ஓய்வூதியம் பெறும் வாடிக்கையாளர்கள் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்று அளிக்க வருகின்றனர். நவம்பர் 14 உலக நீரிழிவு நாளும் ஆகும். கொழுப்புப் பரிசோதனையையும் அம்மாதத்திலேயே செய்துகொள்ளும் வழக்கத்தை மேற்கொண்டால் தேதி மறவாது.