இட்டேனியத்துக்குக் கொடுத்த வாக்கு

ஆடிக் கிருத்திகை முடிந்தால் திருத்தணி ஸ்டேஷன் நிரம்பி வழியும். ஊர் திரும்புகிறவர்கள் கையில் இருக்கும் முன்பதிவு டிக்கெட்டைப் பாருங்கள். பத்து இலக்க பி.என்.ஆர். எண் 4-இல் தொடங்கினால், அந்த பெர்த்தை ஒதுக்கியது சென்னை மையத்துக் கணினி. டெல்லி, மும்பை, கொல்கத்தா, செகந்திராபாத்திலும் இப்படி மையங்கள் உண்டு. ரயில்வேயின் கணினி வேலைகளைக் கவனிக்கும் கிரிஸ் அமைப்பு நடத்தும் இந்த ஏற்பாடு, ஓபன் வி.எம்.எஸ். என்ற இயங்குதளத்தில், இட்டேனியம் சிப் பொருத்திய சர்வர்களில் ஓடுவதாக 2025-இல் ரயில்வே அமைச்சகமே சொன்னது.

இட்டேனியம், இன்டெலும் எச்.பி.யும் சேர்ந்து உருவாக்கி 2001-இல் வெளிவந்த சிப். இன்று நாம் புழங்கும் சிப்களில் பெரும்பாலானவை, எந்தக் கட்டளைகளைச் சேர்த்துச் செய்யலாம் என்று ஓடும்போதே தாமாக முடிவெடுப்பவை. இட்டேனியத்தில் அந்த முடிவை, நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் முன்கூட்டியே எடுத்து எழுதிவைத்துவிடும். தலா 41 பிட் நீளத்தில் மூன்று கட்டளைகள். எது எந்தப் பகுதிக்குப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் 5 பிட் குறிப்பு. ஆக 128 பிட் கொண்ட ஒரு கட்டு. எவ்வளவு நேர்த்தியான யோசனை! ஆனால் இந்தச் சிப்புக்கென்றே யாராவது கம்பைல் செய்து, சோதித்துத் தராத மென்பொருள் இதில் உரிய வேகத்தில் ஓடாது. மென்பொருள்காரர் விலகினால் சர்வர் வாங்கியவர் பாடு திண்டாட்டம்.

அப்படித்தான் நடந்தது. 2011 மார்ச் 22 அன்று, இட்டேனியத்துக்கு இனி மென்பொருள் உருவாக்குவதில்லை என்று தரவுத்தள மென்பொருள் நிறுவனமான ஆரக்கிள் அறிவித்தது. வாடிக்கையாளரைக் கைவிட மாட்டோம் என்றது எச்.பி.; ஜூனில் வழக்கும் போட்டது. ஆரக்கிள் தொடர்ந்து தர வேண்டும் என்று 2012-இல் கலிஃபோர்னியா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-இல் ஜூரி விதித்த இழப்பீடு 300 கோடி டாலர்.

இந்த வழக்கில்தான் இன்னொன்றும் வெளிவந்தது. இட்டேனியத் தயாரிப்பை நிறுத்தாமலிருக்க, எச்.பி. சுமார் 69 கோடி டாலர் இன்டெலுக்குக் கொடுக்க ரகசியமாக ஒப்புக்கொண்டிருந்தது. வாக்கைக் காப்பாற்றக் கைக்காசைச் செலவழித்ததை நான் மதிக்கிறேன். சர்வர் வாங்குபவரிடம் அதை மறைத்தது சரியல்ல. சிப்பின் ஆயுள் காசு கட்டி நீட்டப்படுகிறது என்று தெரிந்திருந்தால், பலர் முன்பே மாற்று ஏற்பாட்டைத் தொடங்கியிருப்பார்கள்.

ஓபன் வி.எம்.எஸ். விஷயத்தில் கை விரித்தது எச்.பி.யேதான். அடுத்த தலைமுறை இட்டேனியம் சர்வர்களுக்கு அதைக் கொண்டுவரப்போவதில்லை என்று 2013-இல் சொல்லிவிட்டது. நல்லவேளை, 2014-இல் அதன் உரிமத்தை வி.எம்.எஸ். சாஃப்ட்வேர் என்ற புதிய நிறுவனத்துக்குக் கொடுத்தது. அந்த இயங்குதளத்தைத் தொடக்கத்தில் உருவாக்கிய டிஜிட்டல் நிறுவனத்தின் பழைய பொறியாளர்கள் சிலர் அங்கே சேர்ந்தார்கள். எச்.பி. மறுத்த சர்வர்களுக்கு 2015-இலேயே அதைக் கொண்டுவந்தார்கள். 2022-இல் சாதாரண எக்ஸ்86 சிப்களிலும் ஓட வைத்தார்கள். இத்தனை ஆண்டு ஆதரவு தருவோம் என்ற அறிக்கைகளைவிட, மூல நிரலைத் தெரிந்தவர் கையில் ஒப்படைத்ததே வாடிக்கையாளருக்குச் செய்த பெரிய உபகாரம் என்பேன்.

கடைசி இட்டேனியம் சிப்கள் 2021 ஜூலையில் அனுப்பப்பட்டன. நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் என்றிருந்த ரயில்வே முன்பதிவுத் திறனை ஒன்றரை லட்சத்துக்கு மேல் உயர்த்தும் புதிய அமைப்பை கிரிஸ் உருவாக்கிவருவதாக 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. புதியது முழுமையாகப் பொறுப்பேற்கும்வரை, உற்பத்தி நின்றுபோன அந்தச் சிப்தான் பெர்த் ஒதுக்கியாக வேண்டும்.