பூனையும் பூச்சாடியும்

1932ஆம் ஆண்டில் ஏரவாடா மத்தியச் சிறையில் இருந்த காந்தியடிகள், அங்கு உலவிய பூனையையும் அதன் குட்டிகளையும் கூர்ந்து கவனித்து, அவற்றின் தூய்மைப் பழக்கத்தை ஆசிரமத்தாருக்கு எழுதிய கடிதத்தில் பாராட்டினார். நாளெல்லாம் உடலை நக்கித் தூய்மை செய்துகொள்ளும் அப்பழக்கமே, இன்று அதே ஏரவாடாவின் அடுக்குமாடி வீடுகளில் பூனைக்கு எமனாகக் கூடும். காரணம், வரவேற்பறைச் சாடியில் மணக்கும் லில்லி மலர்.

லில்லியின் இலை, தண்டு, இதழ் அனைத்தும் பூனைக்கு நஞ்சு. உரோமத்தில் படிந்த மகரந்தத்தை நக்கினாலோ, சாடியில் உள்ள நீரைக் குடித்தாலோ போதும், சிறுநீரகம் பழுதாகும். சில மணி நேரத்தில் வாந்தியும் சோர்வும் தோன்றும். பிறகு வாந்தி நின்று, பூனை தேறிவிட்டதுபோல் தெரியும். பலரும் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்துவிடும். முதல் 18 மணி நேரத்துக்குள் சிரைவழியாகச் சலைன் ஏற்றத் தொடங்கினால், பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்கின்றன. எனவே அறிகுறிக்காகக் காத்திருத்தல் கூடாது.

செடியைக் கடித்ததைக் கண்டவுடன் எஞ்சியதைப் பூனையின் வாயிலிருந்து அகற்றி, உரோமத்தில் உள்ள மகரந்தத்தை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு, கால்நடை மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டு உடனே புறப்படுங்கள். செடியின் ஒரு கிளையையோ அதன் படத்தையோ உடன் கொண்டு செல்லுங்கள். உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்கும் பாட்டி வைத்தியம் வேண்டாம்; உப்பே தனி நஞ்சாகும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பது அதனினும் கொடிது. பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும்.

எல்லாச் செடிகளும் இவ்வளவு கொடியவை அல்ல. வங்கி வாடிக்கையாளர் பலரின் வீட்டில் செல்வம் பெருகும் என்ற நம்பிக்கையில் வளரும் மணி பிளாண்ட்டும், டிஃபன்பேக்கியாவும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களைக் கொண்டவை. கடித்த பூனைக்கு வாய் எரியும், எச்சில் ஒழுகும். ஈரத்துணியால் வாயைத் துடைத்து, குடிக்கத் தண்ணீர் வையுங்கள். தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் மருத்துவமனைதான். ஆனால் சைக்கஸ் கல்லீரலையும், அரளியும் அடீனியமும் இதயத்தையும் தாக்குபவை. இவற்றுக்கும் லில்லிக்குரிய அவசரம் வேண்டும்.

சலைன் ஏற்றும் சிகிச்சை இரண்டு மூன்று நாள்கள் நீளும். செலவும் அதற்கேற்ப இருக்கும். வளர்ப்புப் பிராணிக் காப்பீடு எடுப்போர், அது பூனைக்கும் பொருந்துமா, நஞ்சு உண்டதற்கான சிகிச்சை அதில் அடங்குமா என்று பத்திரத்தைப் படித்துப் பார்ப்பது நலம்.

சோலாப்பூர் சாலையில் உருளி காஞ்சன் பக்கமுள்ள நாற்றுப்பண்ணைகளுக்குச் செல்வோர், செடியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அரிகா பனையும் ஸ்பைடர் செடியும் பூனைக்குத் தீங்கற்றவை. பூங்கொத்து வாங்கும்போது லில்லியைத் தவிர்த்து ஜெர்பராவும் ரோஜாவும் கேளுங்கள். புணேயில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.